நிவாரணப் பொதியும் மதமாற்றச் சந்தேகமும்: மலையகத்தில் கிறிஸ்தவப் பணியைப் புரிந்துகொள்ள

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் இலங்கையைக் கடந்தபோது மலைநாடு மிக மோசமாக அடிபட்டது. கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மண்சரிவு வீடுகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு இறங்கியது. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. இப்படியான ஒவ்வோர் அனர்த்தத்திலும் கோயில், விகாரை, பள்ளிவாசல், தேவாலயம் என்று எந்த மண்டபம் திறந்திருக்கிறதோ அங்கே சனம் போய்ப் படுக்கும். அடுத்த வாரம் அரிசி, பருப்பு, பால்மா, பாய், போர்வை என்று லொறிகள் வரும். அதற்கும் அடுத்த வாரம் பேச்சு தொடங்கும்: "சபைக்காரர் சும்மா தருவார்களா? பின்னால் ஞானஸ்நானம் இருக்கும்."

இந்தப் பேச்சில் இரண்டு கட்சி. ஒரு கட்சிக்கு உதவி எல்லாமே தூண்டில். மறு கட்சிக்கு உதவியைப் பற்றிக் கேள்வி கேட்பதே நன்றிகெட்ட வேலை. இரண்டு பேருமே விஷயத்தைப் பாதியில் விட்டுவிடுகிறார்கள். கிறிஸ்தவர்கள் ஏன் இந்தப் பணியைச் செய்கிறார்கள், மலையகத்தில் அது எப்படி வேர் பிடித்தது, சட்டம் எந்தப் பக்கம் நிற்கிறது, சேவையையும் ஆசைகாட்டலையும் எப்படிப் பிரித்தறிவது என்று அடியிலிருந்து பார்ப்போம்.

"சபை" என்றால் எந்தச் சபை?

தோட்டத்தில் "சபைக்காரர்" என்ற ஒரே சொல்லுக்குள் குறைந்தது மூன்று வகையினரைப் போட்டுக் குழப்பிவிடுகிறோம்.

1. பழைய திருச்சபைகள். கத்தோலிக்கர், அங்கிலிக்கன், மெதடிஸ்த சபையினர். மலைநாட்டில் கத்தோலிக்கருக்குக் கண்டி மறைமாவட்டமும், 1972இல் உருவான பதுளை மறைமாவட்டமும் இருக்கின்றன. மறைமாவட்டங்களின் சமூகப் பணி கரித்தாஸ் அமைப்பின் வழியாக நடக்கிறது. இவர்களுக்குப் பாடசாலை, மண்டபம், கணக்குப் புத்தகம், பதில் சொல்லவேண்டிய ஆயர் எல்லாம் உண்டு.

2. சுயாதீன சபைகள். பெரும்பாலும் பெந்தெகொஸ்தே வழி வந்தவை. ஒரு போதகர், ஒரு சிறு கட்டடம், சில இடங்களில் ஒரு லயத்துக் காம்பரா (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில் ஓர் அறை). பல போதகர்கள் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள்.

3. கிறிஸ்தவப் பின்னணி உள்ள தொண்டு நிறுவனங்கள். இவற்றில் வேலை செய்பவர்கள் எல்லாரும் கிறிஸ்தவர்கள் என்றில்லை.

எண்ணிக்கையையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். 2012 குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் கிறிஸ்தவர் ஏறக்குறைய 7.6 வீதம். அதில் பெரும்பகுதி கத்தோலிக்கர். அவர்களும் மேற்குக் கரையோரத்தில்தான் திரண்டிருக்கிறார்கள். நுவரெலியா மாவட்டத்தில் பாதிப் பேர் இந்துக்கள். ஆகவே இங்கே கிறிஸ்தவச் சேவை என்பது பெரும்பாலும் ஒரு சிறுபான்மை இன்னொரு சிறுபான்மைக்குச் செய்வது. சந்தேகமும் பௌத்த அமைப்புகளிடமிருந்து மட்டும் வருவதில்லை. இந்து அமைப்புகளும் அதே முறைப்பாட்டைச் சொல்கின்றன.

விசுவாசத்துக்குள் சேவைக்கு என்ன இடம்?

வெளியிலிருந்து பார்ப்பவர் பொதுவாக நினைப்பது இதுதான்: கிறிஸ்தவத்தின் சாரம் ஆராதனையும் போதனையும், சேவை அதைப் பரப்ப எடுக்கும் வழி. ஆனால் வேதாகமத்தைத் திறந்தால் வரிசை அப்படி இல்லை.

மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் கடைசி நியாயத்தீர்ப்பின் காட்சி வருகிறது. ராஜா மக்களை இரண்டாகப் பிரிக்கிறார். பசித்தவனுக்குச் சாப்பாடு, தாகித்தவனுக்குத் தண்ணீர், அந்நியனுக்கு இடம், துணி இல்லாதவனுக்குத் துணி, நோயாளியைப் போய்ப் பார்த்தது, சிறையில் இருப்பவனைத் தேடிப் போனது: இந்த ஆறும்தான் அங்கே பரீட்சை. யார் என்ன நம்பினார் என்ற கேள்வி அந்தக் காட்சியில் எழுவதே இல்லை. அதைவிட முக்கியமானது, நல்லது செய்தவர்கள் தாங்கள் யாருக்குச் செய்தோம் என்றே தெரியாமல் திகைத்து நிற்பது. "ஆண்டவரே, எப்போது உம்மைப் பசியாகக் கண்டோம்?" என்று கேட்கிறார்கள். பலனைக் கணக்குப் போட்டுச் செய்தவன் இப்படித் திகைக்க மாட்டான்.

யாக்கோபு எழுதிய நிருபம் இன்னும் நேரடி. துணியும் அன்றாடச் சாப்பாடும் இல்லாத சகோதரனைப் பார்த்து "சமாதானத்தோடே போ, குளிர் காய்ந்து பசியாறு" என்று சொல்லிவிட்டு ஒன்றும் கொடுக்காவிட்டால் என்ன பிரயோசனம் என்று கேட்கிறது. செயல் இல்லாத விசுவாசம் செத்தது என்பது அதன் முடிவு. நல்ல சமாரியன் உவமையில் உதவி செய்பவனே வேற்று மதப் பிரிவைச் சேர்ந்தவன், யூதர்கள் ஒதுக்கி வைத்தவன். அடிபட்டுக் கிடந்தவனை அவன் எந்தக் கோயிலுக்குப் போகிறவன் என்று விசாரிக்கவில்லை. காயம் ஆறிய பிறகு எங்கள் கோயிலுக்கு வா என்று கேட்கவும் இல்லை. சத்திரக்காரனிடம் இரண்டு வெள்ளிப் பணம் கொடுத்துவிட்டு வழியைப் பார்த்துப் போகிறான். இதை இயேசு "நீயும் போய் அப்படியே செய்" என்று முடிப்பதால், கிறிஸ்தவச் சேவைக்கு அளவுகோலும் இதுவேதான்.

பெரிய வியாழன் அன்று கத்தோலிக்க ஆலயங்களில் குருவானவர் பன்னிரண்டு பேரின் காலைக் கழுவுவார். யோவான் 13ஆம் அதிகாரத்தில் இயேசு சீடர்களுக்குச் செய்தது. மலையகப் பங்கொன்றில் அந்த வாங்கில் உட்காரும் கால்களில் அட்டைக்கடித் தழும்பும் கொழுந்து மலையின் வெடிப்பும் இருக்கும். எசமான் வேலைக்காரனின் காலைத் தொடுவது தோட்டத்துப் படிநிலை தெரிந்தவர்களுக்குச் சாதாரண சடங்காகத் தெரியாது.

சரி, இதற்கு மறுபக்கமும் உண்டு. அதே மத்தேயு, 28ஆம் அதிகாரத்தில், எல்லா இனத்தாரையும் சீடராக்குங்கள் என்ற கட்டளையையும் எழுதி வைத்திருக்கிறார். அறிவித்தலும் கடமை, சேவையும் கடமை. இந்த இரண்டும் ஒரே கையில் வரும்போதுதான் சிக்கல். ஆகவே சந்தேகம் வெளியார் கிளப்பிய புரளி மட்டும் என்று தள்ளிவிட முடியாது. சிக்கலின் வித்து விசுவாசத்துக்குள்ளேயே இருக்கிறது. திருச்சபைகளுக்கும் இது தெரியும். 1974இல் சுவிட்சர்லாந்தின் லோசானில் கூடிய சுவிசேஷத் திருச்சபையினர், அறிவித்தலும் சமூகப் பொறுப்பும் வெவ்வேறு, இரண்டுமே கடமை என்று எழுதிவைத்தார்கள். திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் 2005 டிசம்பரில் கையெழுத்திட்ட முதல் சுற்றுமடலில், அன்புப் பணியை மதமாற்றக் கருவியாக்கக் கூடாது என்று வெளிப்படையாகச் சொன்னார். 2011இல் வத்திக்கானும் உலகத் திருச்சபைகள் மன்றமும் உலக சுவிசேஷக் கூட்டமைப்பும் சேர்ந்து ஓர் ஆவணம் வெளியிட்டன. பண உதவியோ பொருளோ காட்டி ஆள் சேர்ப்பதை அது நிராகரிக்கிறது. இந்த மூன்று தரப்பும் ஒரு காகிதத்தில் சேர்ந்து நிற்பது அடிக்கடி நடப்பதில்லை.

அப்படியென்றால் அரிசிப் பையைக் காட்டி ஆள் சேர்க்கும் போதகர் நாட்டின் சட்டத்தை மீறுகிறாரோ இல்லையோ, முதலில் தன் சொந்த விசுவாசத்தின் விதியை மீறுகிறார்.

கண்டியில் ஒரு பெரியம்மைக் காலம்

மலைநாட்டில் இந்தக் கதை தேயிலைக்கு முந்தியது. கோவாவிலிருந்து வந்த யோசப் வாஸ் அடிகளார் 1687இல் யாழ்ப்பாணத்தில் இறங்கினார். கரையோரம் ஒல்லாந்தர் கையில் இருந்தது; கத்தோலிக்கக் குருவுக்கு அங்கே தடை. பிச்சைக்காரனைப் போல வேடமிட்டுத்தான் நடமாடினார். 1692இல் கண்டிக்குப் போனபோது போர்த்துக்கேய ஒற்றன் என்று பிடித்துச் சிறை வைத்தார்கள். மதப் பணிக்குப் பின்னால் வேறு நோக்கம் இருக்கும் என்ற சந்தேகம், பார்த்தீர்களா, அன்றைக்கே இருந்தது.

1697இல் கண்டியில் பெரியம்மை பரவியது. தொற்றியவர்களை வீட்டார் காட்டோரம் கொண்டுபோய் விட்டுவிட்டு ஓடினார்கள். வாஸ் தன் மருமகனான இன்னொரு குருவோடு சேர்ந்து அவர்களுக்குக் கொட்டில் போட்டு, உணவு கொடுத்து, புண்களைக் கழுவி, இறந்தவர்களைப் புதைத்தார். யார் எந்தச் சமயம் என்று பார்க்கவில்லை. பௌத்த அரசனான இரண்டாம் விமலதர்மசூரியன் அவருக்குத் தடையின்றி இயங்க அனுமதி தந்திருந்தான். 1711இல் கண்டியிலேயே இறந்தார். 2015 ஜனவரி 14இல் திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பு காலிமுகத்திடலில் வைத்து அவரைப் புனிதராக அறிவித்தார். அரச பலமோ வெளிநாட்டுப் பணமோ அவருக்கு இருக்கவில்லை. தோட்டக் காலத்தில் நிலைமை மாறியது.

தோட்டத்துக்கு வந்த உபதேசியார்

கோப்பிக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து மன்னார் வழியாக மாத்தளைக்கு நடந்து வந்த தொழிலாளரைத் தேடி 1854இல் ஒரு மிஷன் தொடங்கப்பட்டது. தமிழ்க் கூலி மிஷன் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். கண்டியை மையமாகக் கொண்டு அங்கிலிக்கன் சபையின் சி.எம்.எஸ். என்ற மிஷனரிச் சங்கம் அதை நடத்தியது. தோட்டம் தோட்டமாக நடந்து போனவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரர் இல்லை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த தமிழ் உபதேசிமார். லயத்துச் சனத்தின் பேச்சும் பழக்கமும் அவர்களுக்குத் தெரியும். எழுத்தும் கணக்கும் கற்றுக்கொடுத்தார்கள், சுவிசேஷமும் சொன்னார்கள்.

இதில் ஒரு கோணல் இருக்கிறது. இந்த மிஷனைத் தொடங்க முன்வந்தவர்களும் செலவுக்குச் சந்தா கொடுத்தவர்களும் தோட்டத் துரைமார். தொழிலாளியைக் கடனில் கட்டிப்போட்ட கங்காணி முறையும், தோட்டம் மாறுவதென்றால் கடன் விபரம் எழுதிய "துண்டு"ச் சீட்டைக் காட்டவேண்டும் என்ற கட்டாயமும் அதே துரைமாரின் ஏற்பாடுகள். துண்டு முறை 1921 வரை ஒழியவில்லை. படிப்பும் ஜெபமும் லயத்துக்கு வந்தன. சம்பளத்தைப் பற்றி மிஷன் பெரிதாக வாய் திறக்கவில்லை. நுவரெலியாவின் திரித்துவ ஆலயத்திலும் டிக்கோயாவுக்கு அருகிலுள்ள வார்லி ஆலயத்திலும் இன்று சுற்றுலாப் பயணிகள் படம் பிடிக்கும் பழைய கல்லறைகள் துரைமார் குடும்பங்களுடையவை. அந்த மலையை வெட்டித் திருத்தியவர்கள் எங்கே புதைக்கப்பட்டார்கள் என்று தேடினால் கல் இல்லை, கொழுந்துதான் இருக்கும்.

ஆனாலும் அந்தக் கொட்டில் பள்ளிக்கூடங்களை அற்பமாகச் சொல்ல முடியாது. தோட்டத்துரை வேலைக்காரரின் பிள்ளைகளுக்குப் படிப்புக்கு வழி செய்யவேண்டும் என்று சட்டம் வந்ததே 1907இல். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னே உபதேசியார் வந்துவிட்டார். மிஷன் பாடசாலைகள் வழியாக ஆசிரியர்களும் கிளார்க்குகளும் மெல்ல மெல்லத் தலையெடுத்தார்கள். 1960களின் தொடக்கத்தில் உதவி பெறும் பாடசாலைகளை அரசு எடுத்துக்கொண்டபோது திருச்சபைகளின் கல்விப் பிடி பெரும்பாலும் போய்விட்டது.

அரசு எட்டிப்பார்க்காத இடம்

ஏழைகள் நாடெங்கும் இருக்கிறார்கள். மலையகத்தில் மட்டும் சபைகளின் உதவிக்கு இவ்வளவு கனம் ஏன்? இங்கே வெறுமையை உண்டாக்கியது சட்டமே.

1948இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. அடுத்த வருடம் வாக்கும் போனது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பொருள் போலப் பங்கு பிரித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சத்தைப் பிறகு பார்ப்போம் என்று. மிச்சமான 1,50,000 பேரை 1974இல் பாதிபாதியாகப் பிரித்தார்கள். குடியுரிமைப் பிரச்சினை சட்டப்படி முடிவுக்கு வந்தது 2003இல்தான்.

வாக்கு இல்லாத சனத்துக்கு எந்த அரசியல்வாதி தண்ணீர்க் குழாய் போடுவான்? இதைவிடப் பலர் கவனிக்காத ஒன்று 1987இன் பிரதேச சபைச் சட்டம். அதன் 33ஆம் பிரிவு காரணமாகத் தோட்டங்களுக்குள் பாதை போடவோ கிணறு வெட்டவோ பிரதேச சபையின் பணத்தைத் தாராளமாகச் செலவழிக்க முடியாமல் இருந்தது. 2018இல்தான் அதைத் திருத்தினார்கள். அதாவது வாக்குக் கிடைத்து, தாங்களே உறுப்பினரைத் தெரிவுசெய்த பிறகும் அந்தச் சபையின் காசு லயத்து வாசலுக்கு வரவில்லை. எல்லாம் தோட்ட நிர்வாகத்தின் தயவு: வீடு, டிஸ்பென்சரி, பிள்ளைக் காம்பரா (குழந்தைக் காப்பகம்), கடிதம் வந்து சேரும் முகவரிகூட.

எதையும் உரிமையாகக் கேட்க முடியாமல் மேலிருந்து வருவதையே வாங்கிப் பழக்கப்படுத்தப்பட்ட இடத்துக்கு ஒரு சபை பொதியோடு வருகிறது. கொடுப்பவர் ஒன்றும் எதிர்பார்க்காவிட்டாலும் வாங்குபவர் "இவர்களுக்கு என்ன பதில் செய்வது" என்று யோசிப்பார். கொழும்பில் ஒரு குடும்பத்துக்குக் கொடுக்கும் அதே அரிசிக்கு இங்கே வேறு பாரம் ஏறிவிடுகிறது. சபைகளில் பலர் இதை உணர்வதில்லை என்பது என் அபிப்பிராயம்.

பொதியிலிருந்து உரிமைக்கு

1973–74இல் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நடந்தன. ரேசன் மா குறைந்தது, வேலை நாட்கள் குறைந்தன, சனம் பிச்சைக்கு நகரங்களில் இறங்கியது. 1975க்குள் தோட்டங்கள் அரசுடைமையாயின. அந்த மாற்றத்திலும் பல தொழிலாளர் குடும்பங்கள் துரத்தப்பட்டன.

இந்தக் காலத்தில்தான் கிறிஸ்தவப் பணிக்குள் ஒரு திருப்பம் வந்தது. இயேசு சபைக் குருவான போல் கஸ்பெர்ஸ் அடிகளார் 1972இல் கண்டியில் சத்தியோதயம் நிலையத்தைத் தொடங்கினார். 1974இல் பெருந்தோட்டப் பகுதிகளுக்கான இணைப்புச் செயலகம் உருவானது. 1979இல் தொடங்கிய இனங்களுக்கிடையே நீதிக்கும் சமத்துவத்துக்குமான இயக்கத்திலும் அவர் முன்னின்றார். சத்தியோதயத்தில் சிங்களவரும் தமிழரும், பௌத்தரும் இந்துவும் கிறிஸ்தவரும் சேர்ந்து வேலை செய்தார்கள். அவர்கள் எழுப்பிய கேள்வி எத்தனை பொதி தேவை என்பதாக இருக்கவில்லை. உழைக்கிறவன் ஏன் பட்டினி கிடக்கிறான், அவனுக்கு ஏன் குடியுரிமை இல்லை, காணி ஏன் இல்லை என்று கேட்டார்கள்.

இதற்குப் பின்னணியில் ஒரு சிந்தனை மாற்றம் உண்டு. திருத்தந்தை 13ஆம் லியோ 1891இல் எழுதிய சுற்றுமடல், தொழிலாளிக்கு நியாயக் கூலி கொடுப்பது தருமமல்ல, கடன் என்ற கருத்தைத் திருச்சபைக்குள் கொண்டுவந்தது. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம் ஏழைகளின் துயரத்தைத் திருச்சபையின் சொந்தத் துயரமாகப் பேசியது. அப்புறம் ஆசிய, லத்தீன் அமெரிக்க இறையியலாளர் அதை மேலும் கொண்டுபோனார்கள்.

உரிமைப் பேச்சுக்கு விலை இருந்தது. பொதி கொடுக்கும் பாதரை எல்லாருக்கும் பிடிக்கும். சம்பளத்தைப் பற்றிக் கேட்கும் பாதரைத் தோட்டத்து ஆபிசுக்கும் பிடிக்காது, சில சமயம் தொழிற்சங்கத் தலைவருக்கும் பிடிக்காது, ஞாயிறு பூசைக்கு முன்வரிசையில் உட்காருபவருக்கும் பிடிக்காது. "சுவாமி அரசியல் பேசுகிறார்" என்பார்கள். இருந்தும் அந்த ஓடை வற்றவில்லை. 2023இல், மலையக மக்கள் வந்து இருநூறு வருடம் ஆனதைக் குறிக்கும் மலையகம் 200ஐ ஒட்டி, முன்னோர் வந்த வழியில் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்த பயணத்தில் தேசிய கிறிஸ்தவ மன்றமும் பங்கெடுத்தது. அந்த நடையில் யாருக்கும் பொதி கொடுக்கப்படவில்லை; காணி, வீடு, நியாயச் சம்பளம், சம குடியுரிமை என்ற கோரிக்கைகள் முன்வைக்கப்பட்டன.

சட்டம் எங்கே நிற்கிறது?

1. 1978 அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் தருகிறது. 10ஆம் உறுப்புரை எவரும் தாம் விரும்பும் மதத்தை வைத்திருக்கவும் ஏற்கவும் சுதந்திரம் தருகிறது. 14(1)(உ) வழிபடவும் கடைப்பிடிக்கவும் போதிக்கவும் உரிமை தருகிறது. மதம் மாறுவது குற்றமல்ல.

2. 2003இல் மென்சிங்கன் திருச்சிலுவைக் கன்னியர் சபை தன்னைச் சட்டப்படி கூட்டிணைக்க ஒரு சட்டமூலம் கொண்டுவந்தது. கற்பித்தல், பிள்ளைகள், முதியோர், நோயாளர் பராமரிப்பு ஆகியவற்றோடு கத்தோலிக்க சமய அறிவைப் பரப்புவதும் அதன் நோக்கங்களில் ஒன்று. உயர் நீதிமன்றம் இது அரசியலமைப்புக்கு முரண் என்றது. பரப்பும் உரிமை அரசியலமைப்பில் இல்லை. பரப்புதலோடு பொருளுதவியும் சேர்ந்தால் அது எளியவர்களை ஆசைகாட்டுவதாகிவிடும் என்பது தர்க்கம்.

3. கன்னியர் ஐ.நா. மனித உரிமைக் குழுவுக்குப் போனார்கள். 2005 ஒக்டோபரில் குழு அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பல சமயங்களில் தம் நம்பிக்கையை எடுத்துச் சொல்வதும் பிறருக்கு உதவுவதும் சமயத்தை வெளிப்படுத்தும் செயலே. இந்தக் கன்னியர் யாரையும் வற்புறுத்தினார்கள் என்பதற்கு அரசு ஆதாரம் காட்டவில்லை என்றது. ஆனால் அடுத்த வருடமே, 2006இல், வேறொரு வழக்கில், அந்தக் குழுவின் தீர்மானங்களுக்கு உள்நாட்டில் வலு இல்லை என்று உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

4. 2004இல் பௌத்த பிக்குகள் முன்னின்ற ஜாதிக ஹெல உறுமயக் கட்சி பலவந்த மதமாற்றத் தடைச் சட்டமூலத்தைக் கொண்டுவந்தது. ஆசைகாட்டி மாற்றுவதற்குச் சிறை. மாறியவர் அதிகாரியிடம் அறிவிக்கவேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. சில பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரண் என்று உயர் நீதிமன்றம் கண்டது. அது சட்டமாகவில்லை.

ஆக, சேவை செய்யத் தடை இல்லை, ஜெபிக்கத் தடை இல்லை. இரண்டும் ஒன்றாக வரும் இடத்தில் சட்டம் தெளிவில்லாமல் நிற்கிறது. பெரிய திருச்சபைகளுக்கு இதனால் அவ்வளவு பாதிப்பு இல்லை. புது வணக்கத் தலங்களுக்கு முன் அனுமதி கேட்கும் 2008 சுற்றறிக்கையைக் காட்டிச் சிறு சபைகளை மூடச் சொல்வது அடிக்கடி நடக்கிறது.

எதை வைத்துப் பிரிப்பது?

செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் 1994இல் ஒப்புக்கொண்ட நடத்தைக் கோவை, இனம், மதம் பாராமல் தேவையைப் பார்த்துக் கொடு, உதவியை அரசியல் அல்லது மத நிலைப்பாட்டை வளர்க்கப் பயன்படுத்தாதே என்கிறது. தோட்டத்தில் இதை இப்படிக் கேட்டுப் பார்க்கலாம்.

1. வேண்டாம் என்று சொன்னால் என்ன நடக்கும்? கூட்டத்துக்குப் போகாத வீட்டுக்கும் அடுத்த மாதம் அதே உதவி வருமானால் அது சேவை. வராதென்றால் அது பேரம். மற்ற எல்லாக் கேள்வியும் இதற்குப் பிறகுதான்.

2. பெயர்ப் பட்டியலை யார் எழுதினார்? கிராம சேவகரோடும் தோட்டத்து மக்களோடும் உட்கார்ந்து, கைவிடப்பட்ட முதியவர், வீடு போனவர், சம்பளம் நின்றவர் என்று எழுதினார்களா, ஞாயிறு வருகைப் பதிவைப் பார்த்து எழுதினார்களா? தொழிற்சங்கச் சந்தாப் படிவத்தோடு வந்த உதவிகளையும் தோட்டம் கண்டிருக்கிறது. சங்கம் மாறச் சொல்லிக் கொடுத்ததற்கு மட்டும் யாரும் தடைச் சட்டம் கேட்கவில்லை.

3. ஜெபம் எந்த நேரத்தில், யார் கேட்டு? வரிசையில் நிற்பவர்களை முதலில் ஜெபத்துக்கு உட்கார வைப்பது ஒன்று. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்காக இந்துத் தாய் தானே போதகரை அழைப்பது வேறு. மாத்தளை மாவட்டத்து வஹாக்கோட்டை அந்தோனியாரிடம் நேர்த்தி வைக்கும் இந்துக்களை யாரும் மதம் மாறியவர்களாக எண்ணுவதில்லை.

4. படம் எடுத்தார்களா? பொதியை நீட்டியபடி கமராவைப் பார்க்கச் சொல்வது மதமாற்றமல்ல. ஆனாலும் மத்தேயு 6ஆம் அதிகாரம், வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக்கூடாது என்கிறது. வெளிநாட்டு நன்கொடையாளருக்கு அறிக்கை அனுப்பவேண்டுமே என்பார்கள். பொதியைப் படம் பிடிக்கலாம், முகத்தைப் பிடிக்கவேண்டியதில்லை.

இதோடு எதிர்ப்பக்கத்துக்கும் ஒன்று சொல்லவேண்டும். ஒரு பை அரிசிக்காகத் தோட்டத்துப் பெண் மதம் மாறிவிடுவாள் என்பது அவளுக்குப் புத்தியில்லை என்று சொல்வதுதான். மாறியவர்கள் சொல்லும் காரணங்களில் தீராத நோய், புருசனின் குடி, கேட்க ஆளில்லாத தனிமை என்பவை அடிக்கடி வரும். போதகரின் மனைவி இரவு பத்து மணிக்கும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள் என்பார்கள். அதை ஆசைகாட்டல் என்று சட்டத்தில் எழுதிவிட்டால், எந்தச் சமயத்தவரும் எந்த அயலவருக்கும் ஒத்தாசை செய்ய முடியாது.

அடுத்த சிக்கல் காணி

நிவாரணம் சில வாரங்களில் முடியும். அதன் பிறகு வருவதுதான் கஷ்டம். ஆபத்தான சரிவு என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் குறித்த இடத்துக்குத் திரும்பிப் போகமுடியாது. போக வேறு இடமும் இல்லை, ஏனென்றால் லயத்து வீட்டுக்குக் காணி உறுதிப் பத்திரம் கிடையாது. குடியிருப்பவர் பெயரில் ஒரு பேர்ச் காணியும் இல்லை. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனபோது தப்பியவர்கள் ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலையில் தங்கவைக்கப்பட்டார்கள். மாற்று வீடு கையில் வர ஏறக்குறைய இரண்டு வருடம் ஆனது. பாய், போர்வை கொடுத்தவர்களில் எத்தனை பேர் அதுவரை கூட இருந்தார்கள்?

கூட இருப்பது என்றால் செய்யவேண்டிய வேலை நிறைய இருக்கிறது: மண்ணோடு போன பிறப்புச் சான்றிதழுக்கும் அடையாள அட்டைக்கும் விண்ணப்பம் எழுதுவது, பிரதேச செயலகத்துக்குக் கூடப் போவது, சட்டத்தரணி பிடிப்பது, கம்பனி காணி தர மறுத்தால் அதைப் பகிரங்கமாகச் சொல்வது. படத்தில் அழகாக விழாத வேலைகள். மலைநாட்டில் திருச்சபைகளுக்கே காணி இருக்கிறது. அதில் ஒரு துண்டு வீடிழந்தவர்களுக்குப் போகுமா என்ற கேள்வியையும் அவர்கள் தங்கள் நிர்வாக சபைகளில் எடுக்கலாம்.

வீடு கட்டிக் கொடுக்கப் பணம் சேர்க்கும்போது இன்னொரு சிக்கலும் வருகிறது. உறுதி இல்லாத தோட்டக் காணியில் நன்கொடைப் பணத்தில் வீடு எழும்பினால், குடும்பத்துக்குக் கூரை கிடைக்கும். பழைய தயவு அப்படியே தொடரும். கல் நாட்டும் முன்பே உறுதி யார் பெயரில் எழுதப்படும் என்று கொடுப்பவர்கள் கேட்கவேண்டும். அதற்குப் பதில் சொல்லவேண்டியவர்கள் சபைக்காரர் மட்டுமல்ல. தோட்டக் கம்பனியும் பிரதேச செயலகமும் அந்த மேசையில் உட்காரவேண்டும்.